முதியோர் மனையும் மலைநாட்டு லயமும்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையில், 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்னும் அதிகாரியின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டு 1857இல் திறக்கப்பட்ட புனித மாற்கு ஆலயம் இன்றும் நிற்கிறது. இறந்தவர் பெயரால் கட்டடம் எழுப்புவது விக்டோரியா மகாராணியார் காலத்து ஆங்கிலேயருக்குப் பெரும் பிரீதியான தர்மமாக இருந்தது. அத்தர்மத்தின் உத்தமமான வடிவத்தை, முதுமையடைந்த ஏழைகளுக்காக அவர்கள் தம் தேசத்தில் கட்டிய மனைகளிலேதான் காணலாம்.

நம் நாட்டுச் சத்திரம் வழிப்போக்கனுக்கு ஓரிரவு இடம் தருவது; அந்த மனையோ உழைத்து ஓய்ந்தவருக்கு ஆயுள் முடியுமட்டும் இடம் தருவது. பசும்புல் முற்றத்தைச் சூழ்ந்து வரிசையாகச் சிறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி அடுப்பு, தனிப் புகைபோக்கி, அருகே பிரார்த்தனைக்கு ஒரு சிற்றாலயம், முகப்புக் கல்லில் தர்மகர்த்தாவின் பெயர் என்பதே அதன் பொதுவான அமைப்பு. யோர்க்ஷயரில் கம்பளி ஆலை நடத்திய டைட்டஸ் சால்ட் என்பவர், தமது ஆலையைச் சுற்றித் தாம் நிர்மாணித்த சால்ட்டயர் என்னும் ஊரிலே, 1868இல் இத்தாலியச் சிற்பமுறையில் இத்தகைய வீடுகள் 45 கட்டுவித்தார். மூப்பினாலோ பிணியினாலோ உழைக்க இயலாதவராய், நல்லொழுக்கமுடையவராய் இருத்தலே அங்கே புகுவதற்குரிய யோக்கியதையாக இருந்தது. வீட்டோடு வாராந்தர உபகாரப் பணமும் கிடைத்தது: தனித்தவருக்கு ஏழரை ஷில்லிங், தம்பதிகளுக்குப் பத்து ஷில்லிங். ஒரு முதலாளி தம் தொழிலாளியின் முதுமையையும் தமது கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்பதனாலேயே அந்த மனைகளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, பதுளையிலிருந்து பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு ஏறி, அங்கிருந்து கிழக்கே தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து செல்லும் பாதையில் டம்பத்தென்னைக்கு வருவோம். 1890இல் தாமஸ் லிப்டன் விலைக்கு வாங்கிய தோட்டம் இது. அவர் நின்று பார்த்ததாகச் சொல்லப்படும் ‘லிப்டன் சீட்’ முனைக்கு உல்லாசப் பிரயாணிகள் விடியுமுன்னரே ஏறுகிறார்கள். விக்டோரியாவின் வைர விழாவாகிய 1897இல், இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க லிப்டன் வழங்கிய தொகை 25,000 பவுண். மறு ஆண்டே அவர் ‘சர்’ பட்டம் பெற்றார். அவருடைய தாராளத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பசித்தவர் உண்டது மெய். ஆனால் அச்செல்வத்தில் ஒரு பங்கு இம்மலையின் கொழுந்திலிருந்து விளைந்தது என்பதையும், கொழுந்தெடுத்த கைகள் மாலையில் திரும்பிய இடம் லயம் என்பதையும் சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலாது.

லயமும் வரிசை வீடுதான். தகரக் கூரையின்கீழ் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, தண்ணீருக்குப் பொதுவான பீலி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமானால் பின்புறத்தில் காற்றுக்கு வழியே இல்லை. வரிசை என்ற அளவில் இரண்டும் ஒன்றாயினும், உரிமையில் அவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரிது. சால்ட்டயரில் உழைப்பு நின்றபோது வீடு கிடைத்தது. இங்கே காம்பரா தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவருக்கே உரியதாக இருந்தமையால், பெயர் வெட்டப்பட்ட தாத்தாவும் அப்பாயியும் மகனுடைய காம்பராவில் ஒண்டி, பெரும்பாலும் இஸ்தோப்பிலே படுத்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு காலங்கழித்தனர். ஒருவர் படுக்கையில் விழுந்தால் பக்கத்துக் காம்பராவிலிருந்து கஞ்சி வந்தது; மரணச் செலவுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்ந்தது. கல்லில் பெயர் பொறியாத அந்தத் தர்மம்தான் இம்மலைகளில் முதியோரைக் காத்தது.

2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தபின், உயிர் தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கத்தில் தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. வேறு தோட்டங்களிலும் தனி வீடுகள் எழும்பி வருகின்றன. எனினும் லயத்திலேயே தங்கிவிட்ட முதியோர் பலர். தேயிலையால் செழித்த கம்பெனிகளும், அதன் ஏற்றுமதியால் வருவாய் பெற்ற அரசாங்கமும் சேர்ந்து, பெயர்ப் பதிவைக் கேளாமல் திறக்கும் கதவுகளோடு அவர்களுக்கென ஒரு வரிசை வீடுகளை டம்பத்தென்னையிலேயே முதலில் கட்ட வேண்டும் என்று இந்த வானொலி வாயிலாக விண்ணப்பித்துக்கொள்கிறேன்.