நம்மவர் கடை

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சிறுதொழில் செய்வோருக்குச் சமுதாயம் ஆற்ற வேண்டிய கடமை குறித்துப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தார்கள். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் தமிழ் கற்பித்தவனுக்கு வணிகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் எண்ணலாம். எனக்கு விற்கத் தெரியாது; வாங்கத் தெரியும். வாங்குவோன் என்ற முறையில் நான் செய்த பிழை ஒன்றும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வர இசைந்தேன்.

முதலில் பழைய செய்தி ஒன்று. மதுரைக்கு அருகே கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைக் குகைத்தளத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. துறவியர் தங்கிய அந்த இடத்துக்குக் கொடை அளித்தோரின் பெயர்கள் அவை. அவர்கள் யார்? உப்பு விற்றவர், பாணிதம் என்னும் கருப்பஞ்சாற்றுப் பாகு விற்றவர், ஏருக்குக் கொழு விற்றவர், அறுவை என்னும் துணி விற்றவர், பொன் வேலை செய்தவர். மாங்குளம் மலையிலோ வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார் கொடை அளித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. நிகமம் என்பது வணிகர் கூட்டமைப்பு. சிறு வணிகர் கூடி ஒரு பெயரால் அறம் செய்த வழக்கம் அவ்வளவு தொன்மையானது.

அந்தக் கல்வெட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று என் நெஞ்சைத் தொடும். உப்பு விற்றவர் தம் தொழிலை மறைக்கவில்லை. தம் பெயருடன் சேர்த்து அதையும் கல்லில் வெட்டச் சொன்னார். இன்று நம் திருமண மண்டபங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பிள்ளை அரசுப் பணியில் இருந்தால் பெற்றோர் உரக்கச் சொல்கிறார்கள். மென்பொருள் நிறுவனத்தில் இருந்தால் ஊதியத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கடை வைத்திருந்தால், "ஏதோ சொந்தமாகச் செய்துகொண்டிருக்கிறான்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 'ஜைனர்' என்றதும் நகைக்கடையும் மொத்த வணிகமும் பெருஞ்செல்வமுமே வெளியாருக்கு நினைவு வருகின்றன. வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள் நாம் என்பதை அவர்கள் அறிவதில்லை. நிலத்திலிருந்து ஆசிரியப் பணிக்கும் அலுவலகங்களுக்கும் சென்றோம். வணிகத்துக்குச் சென்றவர்கள் சிலரே. தந்தை வழிக் கடையோ, கைகொடுக்கும் மாமனார் கடையோ இல்லாமல், நிலத்தின் ஒரு பகுதியை விற்றோ மனைவியின் நகையை அடகு வைத்தோ தொடங்கியவர்கள் அவர்களில் பலர். மளிகைக் கடை, அச்சகம், மருந்துக் கடை, தையலகம், சமையல் ஒப்பந்தம், கணினி பழுதுபார்ப்பு என்று தனித்தனியே போராடுகிறார்கள்.

அவர்களுள்ளும் நம் அறத்தை விடாது காக்கும் ஒருவருக்குச் சுமை இன்னும் கூடுதல். முட்டையும் பீடியும் சிகரெட்டும் வைக்காத மளிகைக் கடை ஒன்றை நான் அறிவேன். அவற்றை வாங்க வருபவர் அப்படியே பருப்பும் எண்ணெயும் வாங்குவார். அவை இல்லையென்றால் எல்லாவற்றையும் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார். நம் எல்லோர் பொருட்டும் நோன்பு காப்பவர் போல அந்தக் கடைக்காரர் நாள்தோறும் அந்த இழப்பைத் தாங்குகிறார். விழா நாளில் அகிம்சையைப் பற்றி மேடையில் பேசும் நாம், மாதச் சாமான்களை எங்கே வாங்குகிறோம்?

இனி என் பிழைக்கு வருகிறேன். என்னிடம் தமிழ் பயின்ற நம் குலப்பிள்ளை ஒருவர் எங்கள் ஊரில் அச்சகம் வைத்தார். என் மகளின் திருமண அழைப்பிதழை அவரிடம்தான் அச்சிட்டேன். 'நம்மவர் கடை' என்னும் பற்றே அதற்குக் காரணம் என்று அப்போது நம்பினேன். விலை சொன்னார்; "நம் பிள்ளைதானே, பார்த்துப் போடப்பா" என்றேன், குறைத்தார். முன்பணம் சிறிது கொடுத்து, மீதியைத் திருமணம் முடிந்ததும் தருவதாகச் சொன்னேன். திருமணம் முடிந்தது, மறுவீடு முடிந்தது, ஆடி வந்து போயிற்று. வழியில் காணும்போதெல்லாம் அவர் கைகூப்பி நலம் விசாரிப்பார். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. அவர் கேட்கவில்லை என்பதையே நான் காரணமாக வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அச்சகத்தை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். எந்திரத்தை விலை பேசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் கிடந்த கணக்கேட்டை அவர் தயங்கித் தயங்கிக் காட்டினார். நிலுவைப் பக்கத்தில் இருபத்து மூன்று பெயர்கள். பெரும்பாலும் நம் குடும்பங்கள். மொத்தம் ரூ.61,000க்குச் சற்று மேல். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சிறு தொகைகள்தாம். ஒவ்வொருவரும் 'இந்தச் சிறு தொகை அவருக்கு என்ன பெரிது' என்றே எண்ணியிருப்போம். அவரோ தாளும் அட்டையும் மையும் வெளியூர்க் கடைகளில் கடனுக்கு வாங்கி, அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தின் நடுவில் ஒரு வரியில் பெயர் இல்லை. 'ஐயா' என்று எழுதி, எதிரே ரூ.2,300 என்று குறித்திருந்தது. என் பெயரைக் கடன்காரர் வரிசையில் எழுத அந்த மாணவருக்குக் கை வரவில்லை.

அன்றே கொடுத்தேன். ஆனால் எந்திரம் வண்டியில் ஏறிவிட்டது. இன்று அவர் சென்னையில் வேறொருவர் அச்சகத்தில் கூலிக்குப் பணி செய்கிறார். இந்த விழாவின் அழைப்பிதழும் இவ்வாண்டு வேறூரில் அச்சாகி வந்தது, கவனித்திருப்பீர்கள்.

அன்று முதல் ஓர் உண்மை எனக்குத் தெளிவாயிற்று. கையில் ரொக்கம் இருந்தால் நாம் நகரத்துப் பெருங்கடைக்குப் போகிறோம். கடன் வேண்டுமென்றால் நம்மவர் கடைக்குப் போகிறோம். பெருங்கடையில் ஒட்டிய விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். நம்மவரிடம் உறவைச் சொல்லிக் குறைக்கிறோம். 'நம்மவர்' என்ற சொல்லை அவருக்குத் துணையாகப் பயன்படுத்துவதாக எண்ணி, அவர் தலையில் சுமையாக ஏற்றிவிடுகிறோம்.

திருவள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளைப் பொருள் ஈட்டும் அதிகாரம் எதிலும் வைக்காமல் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவதே அங்கு வணிகரின் அறம். வாங்குவோருக்கும் அந்த அளவுகோல் பொருந்தும் என்பதே என் எண்ணம். நம் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. குறைந்த அளவால் கொடுப்பதும், மிகுந்த அளவால் கொள்வதும், கலப்படம் செய்வதும் அந்த விரதத்துக்கு வரும் குற்றங்கள் என்று நம் ஆகமங்கள் வகுத்துள்ளன. விற்பவர் தராசில் செய்யும் குற்றத்தை நாம் அறிவோம். கொடுக்க வேண்டிய பணத்தை மாதக்கணக்கில் கையில் வைத்திருப்பதும் அதற்கு வெகு தொலைவில் இல்லை.

அடுத்து, அறிமுகம் என்னும் உதவி. சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியை அடைந்ததும், சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். அடிகள் சொல் ஒன்றே போதுமாயிற்று. மாதரி அவளைத் தன் மகள்போல் ஏற்றாள். ஆனால் கோவலன் சிலம்பை விற்கக் கடைவீதிக்குத் தனியே போனான். "இவரை நான் அறிவேன்" என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்து மறைத்த பொற்கொல்லன், ஊருக்குப் புதியவனான அவன்மேல் எளிதாகப் பழியை ஏற்றினான். பெருவணிகர் குலத்தில் பிறந்தும், அந்நகரில் அறிவார் இல்லாத வணிகனாக அவன் மாண்டான். வகுப்பில் இப்பகுதியை ஊழ்வினைக்குச் சான்றாகவே நடத்தி வந்தேன். இப்போது படிக்கும்போது, அந்த வீதியில் அவனுடன் நடக்க ஒருவர் இல்லையே என்று மனம் வருந்துகிறது.

அறிமுகத்துக்குப் பணச்செலவு இல்லை. ஆரணியில் அரிசி வணிகம் செய்யும் நம்மவரையும், சென்னையில் உணவகம் நடத்தும் நம்மவரையும் ஒருவருக்கொருவர் தெரியச் செய்தாலே போதும். ஆதலால் அறக்கட்டளைக்கு நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, தொழில் விவரக் கையேடு. யார், எந்த ஊரில், என்ன தொழில் செய்கிறார் என்பதோடு, அவருக்கு என்ன தேவை என்பதும் அதில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே ஊறுகாயும் அப்பளமும் செய்து விற்கும் நம் பெண்களின் பெயர்கள் அதில் விடுபடலாகாது.

இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்தபின் ஜினாலய வளாகத்தில் ஒரு மணி நேரக் கூட்டம். தொழில் செய்வோர் தம் தேவையையும் தடையையும் சொல்லட்டும். நம்மிடையே ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்களும் தணிக்கையாளர்களும் ஆசிரியர்களும் நிறைய இருக்கிறோம். விண்ணப்பம் எழுதவும் கணக்கு வைக்கவும் நாம் கற்றுக்கொடுப்போம். உத்யம் பதிவு முற்றிலும் கட்டணமற்றது. அதற்கே இடைத்தரகருக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. 2014 ஜனவரியில் மத்திய அரசு ஜைனரைச் சிறுபான்மையினராக அறிவித்தது. அதனால், வருமான வரம்புக்கு உட்பட்ட நம் குடும்பத்தார் டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடனுக்குக் கூட்டுறவு வங்கிகள் வழியாக விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் கந்து வட்டிக்கு வாங்குவோரை என்னவென்று சொல்வது!

மூன்றாவது, உரிய காலத்தில் பணம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை அளிப்போருக்கும் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களே தவணை. வாங்கி விற்கும் கடைக்காரருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. அவரைப் பொறுத்தவரை நம் மனச்சான்றே சட்டம். அறக்கட்டளை தன் விழாச் செலவுகளை 15 நாட்களுக்குள் தீர்ப்பதென்று தீர்மானம் இயற்றி நமக்கு வழிகாட்ட வேண்டும்.

நான்காவது, பரிந்துரையில் வாய்மை. நன்றாகச் செய்பவரை மட்டுமே பரிந்துரைப்போம். குறை கண்டால் ஊரெல்லாம் சொல்லாமல் முதலில் அவரிடமே சொல்வோம். தொழில் செய்யும் இளைஞர்களும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: நம்மவர் என்பதற்காகத் தரக்குறைவைப் பொறுத்துக்கொள்ள எவரும் கடன்பட்டவர் அல்லர். உங்கள் கடைக்கு வருவோரில் பெரும்பாலோர் பிற சமயத்தார். உங்கள் நாணயத்தைக் கொண்டே அவர்கள் நம் சமயத்தை மதிப்பிடுவார்கள். நமக்குள் வேலி கட்டிக்கொள்வதற்காக இவற்றைச் சொல்லவில்லை. நம்மிடம் பழகும் நெசவாளர், பாய் முடைவோர், கூலியாள் அனைவருக்கும் இதே நேர்மை உரியது.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்று நாற்பெருந்தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். முதல் மூன்றையும் நாம் மனமுவந்து செய்கிறோம். அபய தானம் என்றால் உயிர்களின் அச்சத்தைப் போக்குதல். மாதக் கடைசியில் கடை வாடகையை நினைத்து உறக்கமின்றிக் கிடப்பவரின் அச்சமும் அச்சமே. அவருக்குரியதை அவர் கேட்குமுன் கொடுப்பவர், அந்த ஓர் இரவுக்கேனும் அபயம் அளித்தவர் ஆவார்.

விழா முடிந்து இல்லம் சென்றதும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாளைக் காலை கடை திறக்கும் நேரத்தில் போய்க் கொடுத்துவிடுங்கள். எவருடைய கணக்கேட்டிலும் 'ஐயா' என்றோர் வரி நிலுவையில் நிற்க வேண்டாம்.

அறம் வளர்க! அனைவரும் நலம் பெறுக!