ஓரகடத்துல ஒரு சான்ட்ரோ: பழைய பெட்ரோல் காரை நாமளே எலெக்ட்ரிக்கா மாத்தலாமா?

பழைய பெட்ரோல் காரை வீட்லயே எலெக்ட்ரிக்கா மாத்த முடியுமான்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. சின்ன பதில்: மாத்தலாம். ஆனா மாத்தினதை ரோட்டுல ஓட்ட முடியாது. நான் முயற்சி பண்ணி, பாதி தூரம் போய், திரும்பி வந்த கதைதான் இந்த எபிசோடு.

கார் எங்க அப்பாவோடது. 2008 சான்ட்ரோ. இருங்காட்டுக்கோட்டையில 1998-ல ஹூண்டாய் செய்ய ஆரம்பிச்ச முதல் காரே சான்ட்ரோதான். அப்பா அப்போ அந்தப் பக்கம் பார்ட்ஸ் பண்ற ஒரு சின்ன கம்பெனியில வேலை பார்த்தாரு. அதனால அந்தக் கார் மேல அவருக்கு ஒரு சொந்தம். 2023-ல 15 வருஷம் முடிஞ்சு, ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்கு ரினியூ பண்ணோம். பாடியில துரு இல்ல, கியர்பாக்ஸ் வெண்ணெய் மாதிரி. இன்ஜின் மட்டும் ஆயில் குடிக்குது. "வித்துடலாம்ப்பா"ன்னா, "உனக்கு என்னடா தெரியும்"னு போயிடுவாரு. சரி, வண்டி இருக்கட்டும், இன்ஜினை மட்டும் மாத்துவோம்னு எனக்கு ஒரு ஆசை.

முதல்ல பேப்பர்ல கணக்குப் போட்டேன். இந்த சைஸ் கார் 60 கிலோமீட்டர் வேகத்துல சீராப் போறதுக்கு சக்கரத்துல தோராயமா 4 கிலோவாட் இருந்தாலே போதும். 100 கிலோமீட்டர்ல அது 13 கிட்ட போயிடும், ஏன்னா காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கமா ஏறுது. பெங்களூர் ஹைவேயில பறக்கணும்னு ஆசைப்படாம, படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு சுத்தினா கிலோமீட்டருக்கு 120 வாட்-ஹவர்ல முடிச்சிடலாம். ஒரு சார்ஜ்ல 100 கிலோமீட்டர் போகணும்னா 15 யூனிட் பேட்டரி. எல்.எஃப்.பி. செல் ஒண்ணு 3.2 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர். அதுல 24 செல்லை சீரியல்ல போட்டா 76.8 வோல்ட், 15.4 யூனிட். செல் மட்டுமே 100 கிலோ கிட்ட வரும். இன்ஜின், சைலன்சர், பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர் எல்லாம் வெளிய போறதால எடை பெருசா ஏறாது.

பணக் கணக்குதான் கொஞ்சம் உதைச்சது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15-ன்னு வெச்சா கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாய். கரண்ட் யூனிட் 8 ரூபாய்னு வெச்சா ஒரு ரூபாய். மாசம் 1000 கிலோமீட்டர் ஓட்டினா 5,700 ரூபாய் மிச்சம். செல், மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர் எல்லாம் சேர்த்து நாலரை லட்சம்னு போட்டேன். போட்ட காசு வர ஆறரை வருஷம். லாபத்துக்காக யாரும் இதைப் பண்ணாதீங்க.

அப்புறம் ஒரகடம் ஜங்ஷனுக்கு உள்ள தள்ளி லேத்து போட்டிருக்கிற ஒரு அண்ணன்கிட்ட போனேன். இந்தப் பெல்ட்டோட உண்மையான சொத்து இவங்கதான். காலையில கம்பெனி பஸ்ல யூனிஃபார்மோட போற கூட்டத்தைத்தான் நாம பார்க்கிறோம். அந்தக் கம்பெனிகளுக்கு ஜிக், ஃபிக்ஸ்சர் செஞ்சு குடுக்கிற சின்ன ஷெட்டுகள் நம்ம கண்ல படறதில்ல.

எனக்கு வேண்டியது ஒரு அடாப்டர் பிளேட். இன்ஜின் உட்கார்ந்த இடத்துல மோட்டாரை வெச்சு, அதைப் பழைய கியர்பாக்ஸோட சேர்க்கிற அலுமினியத் தட்டு. கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா மோட்டார் ஷாஃப்டும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டுல இல்லன்னா, கொஞ்ச நாள்லயே பேரிங் கத்த ஆரம்பிக்கும், அப்புறம் ஸ்ப்ளைன் தேஞ்சிடும். நான் லேப்டாப்ல வரைஞ்ச டிராயிங்கைக் காட்டினேன். அண்ணன் அதை அரை நிமிஷம் பார்த்துட்டு, "தம்பி, போல்ட் ஓட்டையை நம்பி சென்டர் எடுக்காதீங்க. டவல் பின்னை வெச்சு எடுக்கணும்"னாரு. நாலு வருஷ இன்ஜினியரிங்ல எனக்கு யாரும் இதைச் சொல்லல. டயல் கேஜ் வெச்சு மூணு தடவை செக் பண்ணித்தான் பிளேட்டைக் குடுத்தாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை செயின் பிளாக் போட்டு இன்ஜினை இறக்கினோம். மோட்டாரை ஏத்தி, முன் சக்கரத்தை ஸ்டாண்டுல தூக்கி வெச்சோம். லித்தியம் செல் இன்னும் வாங்கல. நாலு பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைச் சீரியல்ல போட்டு 48 வோல்ட். மூணாவது கியர். பெடலைத் தொட்டதும் சக்கரம் சத்தமே இல்லாம சுத்துச்சு. அப்பா ஒண்ணும் பேசல. டிரைவர் சீட்ல ஏறி உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பார்த்துட்டு, "என்னடா, கல்லு மாதிரி இருக்கு"ன்னாரு.

அவர் சொன்னது சரி. பெட்ரோல் கார்ல பிரேக் பூஸ்டர் இன்ஜின் உறிஞ்சுற வேக்குவத்துலதான் வேலை செய்யுது. இன்ஜின் போனா அதுவும் போச்சு. தனியா எலெக்ட்ரிக் வேக்குவம் பம்ப் போடணும். அதே மாதிரி ஏ.சி. கம்ப்ரெஸர் இன்ஜின் பெல்ட்ல ஓடுது. 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட். ஹெட்லைட் எரியணும்னாலே ஒரு டி.சி. டு டி.சி. கன்வெர்ட்டர் வேணும். இன்ஜின்ங்கிறது வண்டியை ஓட்டுற சாமான் மட்டும் இல்ல, வண்டிக்குள்ள இருக்கிற பாதிப் பேருக்குச் சோறு போடுற ஆள்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தினது பேட்டரி. 24 செல் ஃபுல் சார்ஜ்ல 87.6 வோல்ட். 15 கிலோவாட் இழுக்கும்போது கிட்டத்தட்ட 200 ஆம்பியர். உங்க வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. எடுக்கிறது 7, 8 ஆம்பியர்தான். அதோட இது டி.சி. ஏ.சி. கரண்ட் ஒரு செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போகும், அதனால ஸ்விட்ச்சுல பொறி வந்தாலும் தானா அணையும். டி.சி.யில அந்தப் பூஜ்யம் கிடையாது, பொறி இழுத்துட்டே நிக்கும். அதுக்குன்னே டி.சி. ரேட்டிங் உள்ள ஃப்யூஸ், கான்டாக்டர் வேணும். எலெக்ட்ரிகல் கடையில மலிவா கிடைக்கிற எம்.சி.பி.யைப் போட்டுட்டு வீடியோ போடுறவங்களைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குது.

2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி வீட்ல சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகையில மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனாங்க. அந்த வருஷம் நடந்த ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்கு அப்புறம்தான் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156, ஏ.ஐ.எஸ். 038 பேட்டரி விதிகளைக் கடுமையாக்குச்சு. எங்க போர்ட்டிகோவுக்கு நேர் மேலதான் அப்பா, அம்மா தூங்குற ரூம். செல் ஆர்டர் பண்ற பட்டனை அமுக்கப் போன ராத்திரி இதுதான் மனசுல ஓடிட்டு இருந்துச்சு. அமுக்கல. முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடுவோம்னு போனேன்.

அங்க இருந்தவர் பொறுமையாத்தான் பேசினாரு. ஒரே கேள்வி: "கிட்டுக்கு அப்ரூவல் சர்டிஃபிகேட் இருக்கா?"

விஷயம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியை பேட்டரிக்கு மாத்துறதைத் தடுக்கல. ஆனா அதை "கன்வெர்ஷன் கிட்" போட்டு, விதிப்படி பண்ணணும்னு சொல்லுது. 2016-ல அதுக்கான விதி வந்துச்சு, தரம் ஏ.ஐ.எஸ். 123. அதுல ஒப்புதல் வாங்கவேண்டியது கிட் தயாரிக்கிற கம்பெனி. எந்த மாடல் காருக்கு எந்தக் கிட்டுன்னு டெஸ்டிங் ஏஜென்சியில பாஸ் பண்ணி, அவங்க அங்கீகரிச்ச ஆள்தான் பொருத்தணும். அப்புறம் ஆர்.டி.ஓ. பார்த்து ஆர்.சி.யில எரிபொருளை மாத்துவாங்க. ஹைதராபாத்ல ஈட்ரியோ, புனேல நார்த்வே மாதிரி கம்பெனிகள் இந்த வழியிலதான் கிட் பண்ண இறங்கினாங்க. இதுக்கு வெளிய நாமளே மாத்தினா 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். அதைவிடப் பெருசு இன்ஷூரன்ஸ். ஆர்.சி.யில பெட்ரோல்னு இருக்கிற வண்டி பேட்டரியில ஓடி யார் மேலயாவது இடிச்சா, க்ளெய்ம்ல எங்க போய் நிப்பீங்க?

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. நாட்ரிப் திட்டத்துல மத்திய அரசு கட்டின குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இதே ஒரகடத்துலதான் இருக்கு. கோனா எலெக்ட்ரிக்கை 2019-ல அசெம்பிள் பண்ணதும், இப்போ கிரெட்டா எலெக்ட்ரிக்கைச் செய்யறதும் எங்க வீட்ல இருந்து பைக்ல போற தூரம். டெஸ்ட் பண்ற இடம் பக்கத்துல, பிளேட் போடுற அண்ணன் பக்கத்துல, கார் என் போர்ட்டிகோவுல. ஆனா ஒரே ஒரு காரைத் தள்ளிட்டுப் போய் "இதைப் பார்த்து சொல்லுங்க சார்"னு நிக்கிறதுக்கு எனக்கு ஒரு கவுன்ட்டர் இல்ல. நம்ம பாஷையில சொன்னா, லோக்கல்ஹோஸ்ட்ல ஓடுது, புரொடக்‌ஷனுக்கு போக வழியே இல்ல.

கோவம் தணிஞ்ச அப்புறம் அந்தப் பக்கத்து நியாயமும் புரிஞ்சது. பேட்டரி டெஸ்டுன்னா ஷார்ட் பண்ணுவாங்க, குலுக்குவாங்க, நெருப்புல காட்டுவாங்க. ஒரு பேட்டரி பாஸ் ஆகணும்னா அதே மாதிரி சில பேட்டரியைப் பலி குடுக்கணும். ஆயிரம் கிட் விக்கிற கம்பெனிக்கு அது கட்டுப்படியாகும். ஒத்தைக் கார் வெச்சிருக்கிற எனக்கு ஆகாது. பிரான்ஸ் 2020-ல ரெட்ரோஃபிட்டை சட்டப்படி அனுமதிச்சப்பவும் அங்கீகாரம் வாங்கின ஆளுங்கதான் பண்ணணும்னு வெச்சாங்க. ஆனா பிரிட்டன்ல ஐ.வி.ஏ.ன்னு ஒரு முறை இருக்கு, ஒத்தை வண்டியையே பரிசோதிச்சு ஒப்புதல் குடுக்க. ஜெர்மனியிலயும் ஒத்தை வண்டிக்குத் தனி ஒப்புதல் வாங்கலாம். ஏற்கெனவே பாஸான பேட்டரி பேக்கை முழுசா வாங்கி, வயரிங்கையும் பிரேக்கையும் மட்டும் வண்டியில செக் பண்ற மாதிரி ஒரு வழி நம்ம ஊர்லயும் இருந்தா, இந்தக் காரிடார்ல எத்தனை ஷெட்டுக்கு வேலை வரும்னு யோசிச்சுப் பாருங்க. தேவையே இல்லாத பயம்னு நான் சொல்லல. பயத்துக்கு ஏத்த கவுன்ட்டர் ஒண்ணு வேணும்னு சொல்றேன்.

ஐரோப்பாவுல வீட்ல மாத்துறவங்க பலர், அடிபட்ட நிசான் லீஃப்ல இருந்து மோட்டார், பேட்டரி எல்லாத்தையும் கழட்டி, ஓப்பன்இன்வெர்ட்டர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டோட போர்டு, கோடு வெச்சு ஓட்டுறாங்க. நமக்கு அதுவும் இல்ல. நிசான் கார்களைச் செய்யற ஃபேக்டரி ஒரகடத்துலயே இருந்தும் லீஃப் இந்தியாவுல விற்பனைக்கு வரவே இல்ல. இலங்கையில ஓடுற அளவுக்குக்கூட இங்க இல்ல.

செய்யணும்னு கை அரிக்கிறவங்களுக்கு: உங்க மாடலுக்கு ஒப்புதல் வாங்கின கிட் இருக்கான்னு முதல்ல கேளுங்க. "எல்லா காருக்கும் பொருந்தும்"னு யாராவது சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க. சர்டிஃபிகேட்ல உங்க மாடல் பேரு இருக்கணும். காலேஜ்ல இருக்கிறவங்க ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம்ல சேருங்க, மூடின டிராக்ல இதே வேலையை முறையாக் கத்துக்கலாம்.

எங்க சான்ட்ரோவுல இன்ஜின் திரும்ப உள்ள போயிடுச்சு. ரிங் மாத்தி, வால்வு சீல் போட்டு வெச்சிருக்கோம். ஆர்.சி. 2028 வரைக்கும் இருக்கு. மோட்டாரை வாங்கினவர்கிட்டயே கொஞ்சம் நஷ்டத்துக்குத் திருப்பிக் குடுத்துட்டேன். அடாப்டர் பிளேட்டை ஞாபகத்துக்கு டேபிள் மேல வெச்சிருந்தேன். போன வாரம் லேத்து அண்ணன் போன் பண்ணி அதைத் திருப்பிக் கேட்டாரு. ஆல்டோ வெச்சிருக்கிற ஒரு பையன் இதே மாதிரி ஒண்ணு வேணும்னு வந்து நிக்கிறானாம், மாதிரிக்குக் காட்டணுமாம். குடுத்துட்டேன். கூடவே அந்தப் பையனோட நம்பரையும் வாங்கிட்டு வந்திருக்கேன், செல் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட பேசிடணும்.