கல்லறை இல்லாத எஞ்சின்கள்



பொலிவியா நாட்டின் ஊயூனியில், உப்புப் பாலைவனத்தின் ஓரமாக, பழைய நீராவி எஞ்சின்கள் வரிசையாய்த் துருவேறி நிற்கின்றன. கனிமங்களைப் பசிபிக் துறைமுகத்திற்குச் சுமந்தவை அவை. 1940களில் சுரங்கத் தொழில் நலிந்தது, எஞ்சின்கள் கைவிடப்பட்டன. இரயில்களின் இடுகாடு என்று உலகோர் அவ்விடத்தை அழைக்கின்றனர்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அத்தகைய இடுகாடு கிடையாது. எனினும் இங்கும் ஓர் இரயில் மறைந்தது. தஞ்சை மாவட்டப் போர்டு மக்களிடம் தீர்வை திரட்டி அமைத்த மீட்டர் பாதை 1903இல் அறந்தாங்கியை எட்டியது. 1952இல் காரைக்குடியோடு இணைந்தது. நீராவி எஞ்சின்கள் முன்பே ஓய்ந்துவிட, 2012இல் அப்பாதையே மூடப்பட்டது. அகலப் பாதையில் மீண்டும் வண்டி வந்தது 2018இல்தான்.

பழைய எஞ்சின்கள் என்னவாயின? பயன் தீர்ந்தவற்றை இரயில்வே ஏலம் விடுகிறது; வெட்டுண்ட இரும்பு உலைக்குச் செல்கிறது. தப்பிய சில, சாயம் பூசப்பெற்றுக் காட்சிப் பொருளாய் நிற்கின்றன. ஊயூனியின் துரு, கைவிட்டதை ஒளிக்காமல் காட்டுகிறது. இங்கோ சான்றே உருகிப் போகிறது.

எனவே கவிஞர்க்கு ஒரு கடமை உண்டு. கூவலையும் புகையையும் ஏக்கத்தோடு பாடினால் போதாது. உலை வாயில் கரி வாரிப் போட்டு வெந்த தொழிலாளியையும், வண்டியற்ற ஆறு ஆண்டுகள் பேருந்துக்குக் காத்து நின்றோரையும் பாட வேண்டும். குடுமியான்மலையில் இசையையே கல்லில் பொறித்துக் காத்த மாவட்டம் இது. உருகிய இரும்பின் ஓசையைச் சொல்லில் பொறிப்பதா அதற்கு அரிது?