மண் மூடியும் மறையாத ஊர்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லும் மண்ணும் சுமந்து, பிடியரிசி சேர்த்து, நம் முன்னோர் இக்கோவிலைக் கட்டிய வரலாற்றை நமக்கு முன் பேசியோர் அழகுற எடுத்துரைத்தனர். நாம் வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அரும்பாடுபட்டுக் கட்டிய கோவில் பாதி மண்ணுக்குள் போய்விட்டால், அந்தப் பங்கு மக்கள் என்ன செய்வார்கள்? இக்கேள்விக்குத் தன் வாழ்வாலேயே விடை சொன்ன ஊர் ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் உண்டு. அதன் பெயர் பகோலோர்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிகப் பெரிய தீவு லூசோன். அத்தீவில், தலைநகர் மணிலாவுக்கு வடமேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், பம்பங்கா மாநிலத்தில் இந்த ஊர் இருக்கிறது. நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி அது. மேற்கே மலைத்தொடரில் பினத்துபோ எரிமலை. அதன் கிழக்குச் சரிவில் பிறக்கும் பாசிக்-பொத்ரேரோ ஆறு, இவ்வூர் வழியாகத் தாழ்ந்த கடற்கரைப் பகுதியை நோக்கி ஓடுகிறது. 'பகோலோர்' என்பது ஸ்பானியர் வாயில் திரிந்த பெயர். ஊர் மக்களின் கபம்பாங்கன் மொழியில் அது 'பகுலுட்'. மேட்டு நிலம் என்பது அதன் பொருள். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

1576-ஆம் ஆண்டில் அகுஸ்தினார் சபைத் துறவிகள் இங்கே பங்கை நிறுவினர். குயில்லெர்மோ மனபாத் என்ற நிலக்கிழார் அதற்குத் துணை நின்றார். துறவி புனித வில்லியம் பங்கின் பாதுகாவலர் ஆனார். ஸ்பானிய மொழியில் அவர் பெயர் சான் குயில்லெர்மோ. முதற்கோவில் நிலநடுக்கத்தில் இடிந்தது. இன்று காணும் கோவில் 1897-இல் மீண்டும் எழுப்பப்பட்டது.

இச்சிற்றூர் ஒருகாலத்தில் ஒரு நாட்டின் தலைநகராகவும் விளங்கியது. அக்கதையில் நம் சென்னைப் பட்டணத்துக்கும் பங்குண்டு. 1762-இல் ஆங்கிலேயரின் கப்பற்படை சென்னையிலிருந்து புறப்பட்டுப்போய் மணிலாவைப் பிடித்தது. அப்படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். அவர்களுள் சிலர் திரும்பி வராமல் மணிலாவுக்கு அருகே கயிந்தா என்னும் ஊரில் குடியேறிவிட்டனர். மணிலா விழும் வேளையில், சிமோன் தெ அந்தா என்னும் ஸ்பானிய நீதிபதி தப்பிச் சென்று, பகோலோரில் அரசை அமைத்தார். 1764 வரை, ஆங்கிலேயருக்கு அடிபணியாத பிலிப்பைன்சின் தலைநகர் இதுவே.

கல்வியிலும் கலையிலும் இவ்வூர் பின்தங்கியதில்லை. 1861-இல் இங்கே தொடங்கிய தொழிற்பள்ளி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. கபம்பாங்கன் மொழியின் பெரும் நாடக ஆசிரியர் ஹுவான் கிறிசோஸ்தோமோ சோத்தோ இவ்வூரில் பிறந்தவர். அம்மொழிப் புலவர்கள் மேடையில் எதிரெதிராய் நின்று பாடும் கவிதைப் போருக்கு அவர் பெயரால் 'கிறிசோத்தான்' என்றே பெயர். 1904-இல் மாநிலத் தலைமையிடம் பக்கத்துச் சான் பெர்னாந்தோவுக்கு மாறியது. அதன் பின் பகோலோர் ஓர் அமைதியான நாட்டுப்புற ஊராக வாழ்ந்தது.

அந்த அமைதி 1991 ஜூன் 15 அன்று கலைந்தது. சுமார் 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த பினத்துபோ வெடித்தது. அன்றே புயலும் வீசியதால், மழையில் நனைந்து கனத்த சாம்பல் எங்கும் கூரைகளை அழுத்தியது. ஆனால் பகோலோரின் உண்மையான துன்பம் பின்னர்தான் வந்தது. மலைச் சரிவுகளில் குவிந்த சாம்பலும் மணலும், மழைக்காலந்தோறும் நீரோடு கலந்து, குழைத்த சிமெண்டுக் கலவைபோல் ஆற்றுவழியே இறங்கின. இதற்கு 'லஹார்' என்று பெயர். வெள்ளம் வந்தால் வடிந்துவிடும், லஹார் வந்த இடத்திலேயே இறுகி நிலமாகிவிடும். 1995 அக்டோபர் முதல் நாள், புயல்மழையோடு வந்த லஹார் கபலந்தியன் என்னும் பகுதியை மூடியது. பலர் மாண்டனர். அவ்வாண்டிலேயே 12 மீட்டர் உயரமுள்ள புனித வில்லியம் கோவிலும் பாதி உயரம் மண்ணில் புதைந்தது.

1990-இல் சுமார் 67,000 பேர் வாழ்ந்த ஊரில், 2000-இல் சுமார் 16,000 பேரே இருந்தனர். மற்றவர்கள் மறுகுடியேற்ற இடங்களில் சிதறினர். பெருநகரான சான் பெர்னாந்தோவையும் சுற்றுப்புறங்களையும் காக்க அரசு ஒரு பெருங்கரையை எழுப்பியது. பகோலோரின் பெரும்பகுதியோ அக்கரைக்குள், சேறு வந்து தங்கும் பக்கத்திலேயே அகப்பட்டது. பலரைக் காக்கச் சிலருடைய ஊரை விட்டுக்கொடுக்கலாமா? கரை எழுப்பியதில் நியாயம் இருந்தது. உள்ளே அகப்பட்டவர்களின் வேதனையிலும் நியாயம் இருந்தது. எளிதான விடை நம்மிடம் இல்லை.

ஆனால் ஊர் மக்கள் செய்ததை நாம் அறிவோம். புதைந்த பீடத்தையும், சுரூபங்கள் வைக்கும் மாடங்களையும் தோண்டி வெளியே எடுத்தனர். தரை உயர்ந்துவிட்டதால் அவை பழைய இடத்தில் நிற்கவில்லை. எனவே உயரம் மிகுந்த கும்மட்டத்தின் கீழே அவற்றை நிறுத்தினர். பழைய சன்னல்கள் வாசல்களாயின. இன்று அக்கோவிலில் நுழைபவர், முன்னோர் முழந்தாளிட்ட தரைக்கு சுமார் 6 மீட்டர் மேலே நின்று திருப்பலி காண்கிறார்.

மக்களும் சிறிது சிறிதாகத் திரும்பினர். புதைந்த வீடுகள் நின்ற இடத்தில், புதுமண்ணின்மேல் புதுவீடுகள் எழுந்தன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 48,000 பேர் அங்கே வாழ்ந்தனர். 'மேட்டு நிலம்' என்ற பழைய பெயர் இப்போது இருமடங்கு பொருந்திவிட்டது!

அன்பர்களே, நம் கோவில் சுவர்கள் உறுதியாய் நிற்கின்றன; அதற்காக நன்றி கூறுவோம். எனினும் வேலை தேடியும் படிப்புக்காகவும் நம் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு பங்கு புதைவதற்கு லஹார்தான் வரவேண்டும் என்பதில்லை. பகோலோர் மக்கள் தம் பழைய தரையை மீட்கவில்லை, மீட்கவும் முடியாது. பீடத்தை மட்டும் தூக்கி உயரே வைத்தனர். அதைச் சுற்றி ஊர் மீண்டும் கூடிற்று. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எது மாறினாலும், எதைத் தூக்கி உயரே வைக்கவேண்டும் என்பதை நாமும் நம் பிள்ளைகளும் மறவாதிருப்போமாக!