கிராக்கி யாருக்கு? படி யாருக்கு?

(சித்தன்னவாசல் விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



கிராக்கி என்ற சொல் நம்ம வாயில் தினமும் அடிபடுகிறது. மெட்ராஸ் ஆட்டோக்காரருக்கு சவாரி ஏறுகிறவர்தான் கிராக்கி. நமக்கு, பத்து மூட்டை இருக்கிற இடத்தில் இருபது பேர் நின்றால் கிராக்கி. அரசு ஊழியரின் அகவிலைப்படிக்கு முன்பு கிராக்கிப்படி என்றே பெயர். விலைவாசி ஏறினால் அவர்களுக்குப் படி ஏறும். சங்கம் வைத்துப் போராடி வாங்கினார்கள், நியாயம்தான். நமக்கு என்ன படி?

நாம் விளைவித்த பொருளுக்கு கிராக்கி வந்தால் என்ன நடந்தது? வெங்காய ஏற்றுமதிக்கு 2019 செப்டம்பரில் தடை, 2020 செப்டம்பரில் தடை, 2023 டிசம்பரில் தடை. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு 2023 ஜூலையில் தடை. ஏழை வயிற்றுக்கு விலை கட்டுப்படியாகணும், மறுக்கவில்லை. அந்தச் சுமையை விளைவிக்கிறவன் தலையில் மட்டும் ஏற்றுவதா? விலை விழுந்து தெருவில் கொட்டும்போது யார் வந்தார்கள்?

நாம் வாங்குகிற பொருளுக்கு கிராக்கி வந்தால் கதையே வேறு. நம்ம குகையில் வரைந்த தாமரைக்குளம் ஆயிரம் வருஷமாக வற்றவில்லை. நம்ம கண்மாய் அப்படியா? மழை பெய்தால்தான் நடவு. அதனால் எல்லாரும் ஒரே வாரத்தில் யூரியாவுக்கு நிற்கிறோம். 45 கிலோ மூட்டைக்கு அரசு வைத்த விலை 266 ரூபாய் 50 காசு. ஒரு கடையில் நம்மிடம் கேட்டது 350. கூடவே ஒரு நுண்ணூட்ட டப்பாவும் வாங்கணுமாம்!

தோழர்களே, கிராக்கி வேறு, தட்டுப்பாடு வேறு, பதுக்கல் வேறு. கேட்பவர் பெருத்தால் கிராக்கி. சரக்கே வராவிட்டால் தட்டுப்பாடு. குடோனில் அடுக்கிவிட்டு இல்லை என்று கைவிரித்தால் பதுக்கல். எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்கணும், ரசீது தரணும், குறித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது. கிராக்கி காலத்துக்கும் இதே சட்டம்தான்.

ஆகவே நம் கோரிக்கை:

1. நடவுக்கு முன்பே கூட்டுறவு சங்கத்தில் உரம் இருப்பு வை!
2. உரத்தோடு வேறு பொருளைத் திணிக்காதே!
3. ஏற்றுமதியைத் தடுத்தால் விவசாயிக்கு நஷ்டஈடு கொடு!

பலகையைப் பாருங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ரசீதில் விலை கூடியிருந்தால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். தனியாளாகக் கேட்டால் "கிராக்கி அண்ணே" என்பார்கள். ஊரே திரண்டு கேட்டால் பலகையில் கணக்கு வரும்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!