கையெழுத்துக்கு முன் வாசிக்கக் கேளுங்கள்
(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



வாக்குமூலம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்கள் பலருக்குப் பயம். ஏதோ குற்றம் செய்தவர்தான் அதைக் கொடுப்பார் என்ற நினைப்பு. அப்படியில்லை. கண்டதை, நடந்ததை விசாரணை அதிகாரியிடம் சொல்கிறோம், அவர் எழுதிக்கொள்கிறார். அவ்வளவுதான். ஆனால் நாம் தமிழில் சொல்கிறோம், பல இடங்களில் எழுதப்படுவது சிங்களத்தில். பிறகு வழக்கில் பேசப்போவது அந்த எழுத்துதான்.

மலையில் குளவி கொட்டி ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரியாத கதையா இது? திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார். மனைவி அழுகையோடு, "காலையில போனாரு, குளவி கொட்டிருச்சு" என்கிறார். அது மட்டும் எழுத்தில் ஏறுகிறது. எந்த மலை, எத்தனை மணி, அங்கே வேலைக்கு அனுப்பியது யார், அன்றைக்குப் பேர் விழுந்ததா, பக்கத்து நிரையில் நின்றது யார் என்பதெல்லாம் எழுத்தில் இல்லை. நாளைக்கு நட்டஈடு கேட்டுப் போனால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி எழும் கேள்வி, அந்த விபத்து வேலை நேரத்தில், வேலையின் காரணமாக நடந்ததா என்பதுதான். அவர் விறகு பொறுக்கப் போனவர் என்று எதிர்த்தரப்பு சொன்னால், அந்தக் குடும்பத்தின் கையில் என்ன இருக்கும்? ஆகவே மரண வீட்டில் தலைவர் செய்யவேண்டிய வேலை, உடன் வேலை செய்தவர்களைக் கூட்டிவந்து, அவர்களும் வாக்குமூலம் கொடுக்கும்படி பார்ப்பது. பந்தல் போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இதில் நம் பக்கம்தான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு பொலிசாருக்கும் பொருந்தும், மரண விசாரணை அதிகாரிக்கும் பொருந்தும். சொன்னதை முழுமையாக எழுதவேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும். அந்த மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்லவேண்டும். திருத்திச் சொல்லவும் கூட்டிச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்து, கடைசி வரிக்கு நேர் கீழே. நடுவில் இடம் விட்டுப் பக்கத்தின் அடியில் போடச் சொன்னால் போடாதீர்கள். "ஐயா, தமிழில் வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்பது சண்டித்தனம் இல்லை. தோட்ட ஆபீசில் நடக்கும் உள்விசாரணைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் இதே பழக்கம் அங்கேயும் வேண்டும். வெற்றுக் கடதாசியில் யாருக்கும் கையெழுத்து வைக்காதீர்கள், அது எவ்வளவு நல்ல துரையாக இருந்தாலும் சரி.

பொலிசில் கொடுக்கும் வாக்குமூலத்துக்குச் சத்தியம் கிடையாது. சத்தியம் நீதிமன்றத்திலும் தொழில் நியாய சபையிலும்தான். அங்கே நம் பக்கத்தார் முதலில் கேட்பார்கள், பிறகு எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். "அன்றைக்குப் பொலிசில் ஒன்பது மணி என்றீர்கள், இன்றைக்கு ஏழு என்கிறீர்களே?" என்று மடக்குவது அப்போதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன நேரமும் தேதியும்தான் நல்ல சாட்சிகளையே கவிழ்த்துவிடுகின்றன.

மொழி பற்றி இன்னொன்று. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நடக்கும் மொழி விளங்காத தரப்பினருக்கு அரசே தமிழில் மொழிபெயர்ப்பு தரவேண்டும். தொழில் பிணக்குகளை விசாரிக்கும் நியாய சபைக்கும் இது பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்றால், தலையாட்டிக்கொண்டு நிற்காமல், விளங்கவில்லை என்று எழுந்து சொல்லுங்கள்.

வேலை நீக்க வழக்கு உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் சம்பளத் துண்டு, தோட்டம் கொடுத்த கடிதங்கள், வாக்குமூலப் பிரதி இருந்தால் அதையும் என்னிடம் காட்டுங்கள். இங்கேயே வாசித்துப் பார்ப்போம்.