சாமைச் சோறும் சர்க்கரை அளவும்: கருத்தரங்கத் தலைமை உரை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டபின் குருதிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது பற்றி ஆராய இக்கருத்தரங்கு கூடியிருப்பது பொருத்தமானதே. சர்க்கரை நோய்க்கு ஏற்ற உணவென்று நகரத்தார் தேடி வாங்கும் சாமை விளைகின்ற மண் இது. எனினும், சாமையைப் பயிரிடுகிறார் என்பதற்காக எவரையும் அந்நோய் விட்டுவைப்பதில்லை.

நீரிழிவு மருத்துவத்தில் தமிழகத்திற்கு நெடிய மரபுண்டு. பேராசிரியர் மு. விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கிய காலத்தில், அது வசதி படைத்தோரின் நோயாகவே கருதப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான ஆய்வு, சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. நோய் நகரத்தைத் தாண்டி நாட்டுப்புறத்தை எட்டிவிட்ட நிலையில், மலையூர்களை ஆய்வின் விளிம்பில் நிறுத்திவைப்பது இனிப் பொருந்தாது.

இரண்டாம் வகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரந்தாலும், தசையும் கல்லீரலும் அதற்கு உரியவாறு இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. ஆகவே, பெரும்பாலோர்க்குக் குருதிச் சர்க்கரை உணவுக்கு முன் டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம் வரையும், உண்டபின் 180-க்குக் கீழும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 விழுக்காட்டிற்குக் கீழும் இருத்தல் இலக்காகக் கொள்ளப்படுகிறது. முதியோர்க்கும் பிற நோயுடையோர்க்கும் இவ்விலக்கைத் தளர்த்துவதே முறை. சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது எச்பிஏ1சி என்பதால், இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை அதனை உள்ளபடிக்கு மேலாகக் காட்டக்கூடும். சோகை உள்ளோரிடம் அவ்வெண்ணை மட்டும் நம்பி மருந்தை உயர்த்துவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

உணவைப் பற்றிய பேச்சில் சாமை மருந்தாகவே போற்றப்படுகிறது. உமியை மட்டும் நீக்கித் தவிடு தங்கும்படி குத்திய சாமையில் நார்ச்சத்து மிகுதி; அதையே எந்திரத்திலிட்டு வெண்மையாகத் தீட்டிவிட்டால் அந்நன்மையின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. தீட்டாத சாமையும் மாவுப்பொருளே என்பதால், தட்டு நிறையச் சோறாகவோ களியாகவோ உண்டால் சர்க்கரை ஏறவே செய்யும். இந்தியரின் உணவாற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்ட 2025-ஆம் ஆண்டு ஆய்வொன்று, தீட்டிய தானியத்திற்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானிய மாவோ உண்பதால் மட்டும் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும், மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்துப் புரதம் சேர்ப்பதே பயன் தருவதாகத் தெரிகிறது என்றும் உரைக்கிறது. எனவே நோயாளிக்குச் சொல்லவேண்டிய அறிவுரை, சாமை உண்க என்பதோடு முடியாமல், சோற்றைக் குறைத்துத் துவரை, மொச்சை, கீரை, முட்டை ஆகியவற்றைக் கூட்டுக என்பதுவரை செல்லவேண்டும்.

எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை அவரவர் உடலே சொல்லும். சாப்பிடுமுன் ஒரு முறையும், முதற்கவளம் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் விரல் நுனிக் குருதியைக் கருவியில் சோதித்து, இரண்டு எண்களையும் அன்று உண்ட அளவோடு குறித்துவைத்தால், ஒரு கரண்டிச் சோறு குறைவதன் பயன் நோயாளிக்கே விளங்கும்.

மருந்திலும் மலைவாழ்வைக் கணக்கிற்கொள்ள வேண்டும். கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் தனித்து நின்று தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அரிது. ஆனால் கணையத்தைத் தூண்டும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை விழுங்கிவிட்டு, வேளை உணவின்றிச் சரிவு நிலத்தில் உழைப்பவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழிறங்கி, வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் தோன்றக்கூடும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதித்து, பின்னர் உணவு உண்ணவேண்டும். வெறுங்காலுடன் நடப்போர்க்கு மற்றோர் இடரும் உண்டு. நரம்புணர்வு மங்கிய பாதத்தில் தைத்த முள் வலிக்காது என்பதால், நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதும் செருப்பணிவதும் சர்க்கரைப் பராமரிப்பின் பகுதிகளே.

வெளியூர்க் கூலிவேலைக்குச் செல்லும் குடும்பங்களின் மருத்துவத் தொடர்ச்சி அறுபடுவதும் கவனத்திற்குரியது. வீடு தேடி மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. வீட்டில் ஆள் இல்லாத மாதங்களில் அம்மருந்து எவ்வாறு அவர்களைச் சென்றடையும் என்பதற்கு விடை தேவை. தானியத்தின் தீட்டல், தட்டின் அளவு, சோகையுடன் கூடிய பரிசோதனை, இடம்பெயர்வோர் மருந்து ஆகிய நான்கையும் தனித்தனி அமர்வுகளில் ஆராய்ந்து, சுகாதார நிலையத்தில் செயற்படுத்தத்தக்க பரிந்துரைகளை வழங்குமாறு ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கு தொடங்கப்பெறுவதாக அறிவிக்கப்படுகிறது.